‘நான்’ என்று சொல்லி ஏறிய கம்பம்

போர்ச்சுகல்காரன் துவார்த்தே ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் மீன்பிடிப் படகில் சேர்ந்தபோது, அந்த ஊர்ப் பேச்சில் அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒரு சொல்லோடு இன்னொன்றை ஒட்டவைத்துக் காலம் தள்ளினான்.

பிப்ரவரியில் ஒருநாள் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. தெறித்த கடல்நீர் கயிறு, கம்பம், கைப்பிடி எல்லாவற்றிலும் பனிக்கட்டியாக உறைந்தது. அப்படியே விட்டால் பாரம் தாங்காமல் படகு கவிழ்ந்துவிடும். கட்டையால் தட்டி உதிர்க்க வேண்டும். கம்ப உச்சிக்கு யார் ஏறுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, பல் கிடுகிடுக்க நின்ற துவார்த்தே படகுத் தலைவர் ஆஸ்கிரிமுரிடம், "யேக் எர் கல்துர்" என்றான். குளிருது, உள்ளே போகட்டுமா என்று கேட்பதாக அவன் நினைப்பு.

ஆஸ்கிரிமுர் அவன் தோளில் ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களாடா? நேத்து வந்தவன், நான் தில்லான ஆளுங்கறான்! ஏறுய்யா ராசா!"

இடுப்பில் கயிற்றைக் கட்டி, கையில் கட்டையைத் திணித்தார். மறுத்துச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. ஏறினான். தட்டத் தட்டப் பாளம் பாளமாகப் பனி விழுந்தது. இறங்கியபோது விரல்கள் விரியவில்லை.

படகின் சமையலறையில் சமையல்காரி ஸ்டெய்ன்வோர் ஆட்டுக்கறி சூப்பை அவன் முன்னால் வைத்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? நீயா கேட்டு ஏறுனியாமே!"

"குளிருதுன்னுதானே சொன்னேன்!" என்று பாதி சொல்லும் பாதி சாடையுமாக உடம்பைக் குறுக்கிக் காட்டினான்.

என்ன சொன்னான் என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவன் விரல்களைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

"நான்னு ஆரம்பிச்சா அது உன் குணம்யா. 'நான் சில்லுன்னு இருக்கேன்'னா எதுக்கும் அஞ்சாதவன்னு அர்த்தம். குளிர் நீ இல்லையே, உனக்கு வர்றதுதானே? 'எனக்கு'ன்னு ஆரம்பி. மியேர் எர் கல்த்."

"மியேர் எர் கல்த்."

உடனே கம்பளி வந்தது. துவார்த்தே வியந்துபோனான். புழுங்கினாலும் 'எனக்கு', சலித்தாலும் 'எனக்கு' என்று அடுக்கினாள்.

"ஏன் அப்படி?"

"எனக்கென்ன தெரியும்? சூப்பைக் குடி."

கதவருகே நின்று கேட்ட ஆஸ்கிரிமுர் தொப்பியைக் கழற்றினார். தன் கையுறைகளை மேசைமேல் வைத்து, "வச்சுக்கப்பா. நாளைக்கு நானே ஏறுறேன்" என்றார். ஏறவும் செய்தார்.

வெயில் திரும்பிய மே மாதம், துறைமுகத்தில் கூடை இறக்கிக்கொண்டிருந்த ஸ்டெய்ன்வோரிடம் துவார்த்தே ஒரு புது வாக்கியம் சொன்னான். எனக்கு உன்மேல் பிரியம் என்று பொருள். பிழையில்லாமல் 'எனக்கு' என்றே தொடங்கினான்.

கூடையைக் கீழே வைத்தாள். "இதை யாரு சொல்லிக்குடுத்தா?"

"ஆஸ்கிரிமுர்."

"அந்த மனுஷனா!" என்றாள், முகம் சிவந்து. "சரியாத்தான் சொல்லிக்குடுத்திருக்காரு. இன்னொரு தடவ சொல்லு."