பேச்சிராஜ் மைக் வாங்கிய கதை

சங்கரன்கோவிலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனிடம் ஊர் எதை வேண்டுமானாலும் கேட்கும். மிக்சி ஏன் ஓடவில்லை, ரேஷன் கார்டில் பேரனை எப்படிச் சேர்ப்பது, மகளுக்கு எந்தக் காலேஜ் நல்லது. பதினைந்து வருடமாகக் கேட்கிறார்கள். நானும் தெரிந்த மாதிரியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் என் தொழில் வேறு. எங்கள் தெருவில் நான்கு விசைத்தறி ஷெட்டு. பஞ்சுத் தூசி பறந்து வந்து எல்லாருடைய போனிலும் மைக் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அதை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு, பெரிய ஆபரேஷன் செய்த முகத்தோடு காசு வாங்குவதுதான் சித்தீக் ஆகிய என் தொழில்.

ஆகவே பேச்சிராஜ் வந்து, "வே சித்தீக்கு, வீட்டுல வச்சு கிட்டார் ரெக்கார்டு பண்ணணும்னா என்ன மைக்கு வாங்கணும்?" என்று கேட்டபோது, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பேச்சிராஜ் தறி பிட்டர். என் வயதுதான், நாற்பத்து நாலு. எந்த ஷெட்டில் தறி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போதே காதைச் சாய்த்து, "அண்ணாச்சி ஷெட்டுல ஏழாம் தறி இப்ப நிக்கும் பாரும்" என்பான். டீ தீர்வதற்குள் நிற்கும். இளவயதில் சோமனூருக்கு வேலைக்குப் போனவன், அறையில் கூடத் தங்கிய ஒரு மிசோரம்காரரிடம் கிட்டார் கற்றுக்கொண்டு, அதை நூல் சாக்கில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து இருபது வருடமாக வேலை விட்டு வந்ததும் வாசிக்கிறான். என்ன வாசிக்கிறான் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அவன் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு ஷெட்டு, வலப்பக்கம் ஒரு ஷெட்டு. கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுப் பாட்டுக் குழுவில் கூப்பிடுவார்கள். அங்கேயும் டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்கள்.

இந்த வருடம் அந்தப் பாட்டுக் குழுவை நடத்தும் ஜாய்ஸ் டீச்சர் சொந்தமாக ஒரு பாட்டு எழுதியிருந்தார். திருநெல்வேலி ஸ்டூடியோவில் அவருக்குக் கிடைத்தது அரை நாள். அது பாடுவதற்கே சரியாகப் போகும். அதனால் பேச்சிராஜிடம் சொன்னார்: "நீங்க வீட்டுலயே வாசிச்சு அனுப்புங்கண்ணே, அதுக்கு மேல நான் பாடிக்கிடுதேன். ஆனா வேற சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. இருபதாம் தேதிக்குள்ள வரலேன்னா, கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்காம், அத வச்சுக்கிடலாம்னு ஸ்டூடியோக்காரரு சொல்லுதாரு."

இருபது வருட விரலுக்குப் பதிலாகக் கீபோர்டில் ஒரு பட்டன். இதை என்னிடம் சொல்லும்போது அவன் முகம் செத்துப்போயிருந்தது. அந்த ஸ்டூடியோக்காரரை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபமான கோபம்.

இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். யூடியூபில் பதினெட்டு வீடியோ பார்த்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடையில் குடுமி போட்ட ஒருவர் ஒரு மைக்கைக் குழந்தையைத் தூக்குவது போல எடுத்து வைத்தார். "இது கன்டென்சர் மைக் சார். ஊசி விழுந்தாக்கூடப் புடிச்சிரும்." அதற்கு மின்சாரம் கொடுத்துக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்க ஒரு சின்னப் பெட்டி, ஒரு ஸ்டாண்டு, முகத்துக்கு முன்னால் ஒரு வலை. வலை எதற்கு என்று நான் கேட்கவில்லை, தெரிந்த மாதிரி தலையாட்டினேன். ஊசி விழுந்தால் கேட்கும் மைக்கை, நூற்றுச் சொச்சம் தறி ஓடும் தெருவுக்கு வாங்கிவந்த அறிவாளிகள் தமிழ்நாட்டிலேயே நாங்கள் இருவர்தான்.

அது சொன்னபடியே பிடித்தது. இடப்பக்கத்து ஆறுமுகச்சாமி அண்ணாச்சியின் ஷெட்டு முழுவதும் அற்புதமாகப் பதிவாகியிருந்தது. நடுவே எங்கோ ஒரு கிட்டார் முனகியது. பேச்சிராஜ் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மூணாம் தறியில போல்ட்டு லூசா இருக்குவே."

பிறகு வீடியோவில் சொன்னபடி அறையை அடைத்தோம். அவர்கள் மெத்தையும் பஞ்சுப் பலகையும் சொன்னார்கள். எங்களிடம் இருந்தது நூல் மூட்டை. நாலு சுவரிலும் கூரை வரை அடுக்கி நடுவில் அவனை உட்காரவைத்தோம். ஐந்து நிமிடத்தில் குளித்தவன் போல வெளியே வந்தான். தறிச் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அவன் மனைவி சுமதி, தறியில் பதினாறு வருடம் நின்றவள், ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல் அவளுக்கு. "குடோனு ஆக்கிட்டியளே வீட்ட! இன்னைக்குப் படுக்கது எங்கன?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

கடைசியில் அண்ணாச்சி காலில் விழாத குறையாகப் பத்து நிமிடம் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். "ஏலே, நான் நிறுத்திருவேன். எதுத்த ஷெட்டுக்காரன் நிறுத்துவானா? அவன் நிறுத்தாம நான் மட்டும் நிறுத்துனா ஊரு என்னை என்னன்னு சொல்லும்?" என்றார் அவர். எதிர் ஷெட்டுக்காரரும் அட்சரம் பிசகாமல் இதையே சொன்னார்.

தேதி பதினெட்டு. அன்று காலைப் பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி: மாதாந்திரப் பராமரிப்புப் பணி, நாளை காலை ஒன்பது முதல் இரண்டு மணி வரை மின்தடை. நான் பேப்பரோடு ஓடினேன். பேச்சிராஜ் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். எங்கள் தெருவில் அமைதி என்றால் அது ஒன்றுதான். நாலு ஷெட்டும் ஒருசேர நிற்கும்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நின்றது. குருவி கத்துவது கேட்டது. பேச்சிராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்டாரை மடியில் வைத்தான். கடையிலிருந்து தூக்கிவந்திருந்த என் கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கரண்டை நம்பியே பிழைக்கும் இரண்டு பேர். ஒருவன் தறி பிட்டர், ஒருவன் போன் ரிப்பேர். கரண்ட் இல்லாத நாளுக்காக முந்தின நாளிலிருந்து நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தோம். இருவர் மண்டையிலும் இது உதிக்கவில்லை. சுமதி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பேச்சிராஜ் சிரிக்கவில்லை. "விடும்வே. கீபோர்டு பட்டனே வாசிக்கட்டும்" என்றான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்கு ஓடி, ரிப்பேருக்கு வந்து சார்ஜோடு கிடந்த பதினொரு போனையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். அடுத்தவர் போன்தான், தப்புதான். ஒவ்வொன்றின் முன்னாலும் அவன் ஒரு மீட்டு மீட்டினான், இயர்போனில் கேட்டான். தறிக்குச் சாய்க்கும் அதே காது. ஒன்று பானைக்குள் வாசித்தது போல இருந்தது. ஐந்தில் பஞ்சு அடைத்திருந்தது. இருப்பதிலேயே விலை கூடின போன், கிட்டாரை இரைச்சல் என்று தானாக முடிவுசெய்து சுத்தமாக அழித்துவிட்டது.

ஒன்பதாவது மகபூப் பீவி மாமியின் போன். ரியாத்தில் இருக்கும் மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப மட்டும் வைத்திருப்பது. டிஸ்பிளேயில் மேல்பாதி கறுத்துவிட்டது, ரெக்கார்டு பட்டன் இருக்கும் கீழ்பாதி பிழைத்திருந்தது. மைக் ஓட்டையை முந்தின நாள்தான் நோண்டியிருந்தேன். பேச்சிராஜ் கேட்டான். இயர்போனைக் கழற்றாமலே, "இதுதான்" என்றான்.

நூல் தீர்ந்த காலிக் கோன் ஒன்றைப் பிளந்து அதில் போனைச் செருகி நிறுத்தினோம். கிட்டாரின் வட்ட ஓட்டைக்கு நேரே வைத்தால் குமுறியது. கழுத்து உடம்பில் சேரும் இடத்துக்கு நேராக, ஒரு முழம் தள்ளி வைத்ததும் மணி போல விழுந்தது. ஆனால் கரண்ட் போனால் எங்கள் தெரு வீட்டுக்குள் இருக்காது. மொத்தத் தெருவும் வாசலுக்கு வந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தது. சுமதி வெளியே போய் நின்று, "வாய மூடுங்கட்டி எல்லாரும்! இவுக வாசிக்காக!" என்று ஒரு சத்தம் போட்டாள். தெரு அடங்கியது. முதல் பதிவில் அவள் சத்தம்தான் இருந்தது.

இரண்டாம் முறை வாசித்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவனை இருபது வருடமாகத் தெரியும், இவன் இப்படி வாசிப்பான் என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை. கடைசிக் கம்பி அதிர்ந்து அடங்கும்போது, இரண்டு மணிக்கு வரவேண்டிய கரண்ட் பதினொன்றே முக்காலுக்கே வந்தது. யாரோ சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்தார்கள். தடதடவென்று ஒரு தறி எழுந்தது. பின்னாலேயே எல்லாம் எழுந்தன.

அப்படியே ஜாய்ஸ் டீச்சருக்கு அனுப்பினோம். இருபதாம் தேதி மத்தியானம் பதில் வந்தது. பதிவின் வாலில் இருந்த தறிச் சத்தத்தை மட்டும் வெட்டிக்கொண்டார்களாம். என்ன மைக் என்று ஸ்டூடியோக்காரர் கேட்டாராம். "ரியாத் மைக்குன்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

பேச்சிராஜும் சுமதியும் அன்று என் கடைக்கு வந்தார்கள். மாமியின் போனில் அப்படியே கிடந்த வெட்டாத பதிவைப் பேச்சிராஜ் இயர்போனில் முழுக்கக் கேட்டான். வால் வந்ததும் நிமிர்ந்தான். "மூணாம் தறிதாம்வே. இன்னும் அந்தப் போல்ட்ட முறுக்கல பாரும்." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான். இவனுக்காகவா அழுதேன் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அவன் வைத்துவிட்டுப்போன இயர்போனைச் சுமதி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். பதிவு நடந்தபோது அவள் தெருவை அடக்கிக்கொண்டு வாசலில் நின்றவள். பாட்டு முடிந்தும் கழற்றவில்லை. அந்தத் தெருவில் நான் கேட்டதிலேயே மெதுவான குரலில் சொன்னாள்:

"இருவது வருசமா இவுக விரலு ஆடுததத்தான் பாத்திருக்கேன், அண்ணே. இன்னொரு வாட்டி போடுங்க."

அந்த நேரம் பார்த்து மகபூப் பீவி மாமி வந்து நின்றார். "எம் போனு ரெடியாப்பா?"

"நாளைக்கு வாங்க மாமி" என்றேன்.