கடல் எந்தப் பக்கம் வரும்

ஜனவரி மாதத்திலேயே கோடைக்காலத்தைப் பற்றிக் கேட்பார்கள். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும். மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அலுவலக உணவு மேசையில் எண்ணெய்த்தாளில் சுற்றிவந்த ரொட்டித்துண்டைப் பிரித்தபடியே, "ஜூலையில் எங்கே போகிறாய்?" என்று யாராவது கேட்பார்கள். நார்வேயில் இது நலம் விசாரிப்பது மாதிரி. பதில் வைத்திருக்க வேண்டும். இந்த த்ரோன்ஹெய்ம் நகரத்துக்கு நான் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் சில ஆண்டுகள் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேசையில் பேச்சு நின்றுவிடும். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் வியாழக்கிழமை சாயங்காலம் பேச்சு எழும், வெள்ளிக்கிழமை வேன் கிளம்பும். யார் யார் வருகிறார்கள் என்பது வேன் நகர்ந்த பிறகுதான் உறுதியாகும்.

இந்த ஜனவரியில் என்னிடம் பதில் இருந்தது. ஊரிலிருந்து அண்ணன் வருகிறார், கடலோரமாகக் காரில் வடக்கே போய் லொஃபோட்டன் தீவுகளைப் பார்க்கப்போகிறோம் என்றேன். மேசை மலர்ந்தது. நான் தனியாக வசிப்பவள். ஒருவழியாக எனக்கும் ஒரு கோடைக்காலம் அமைந்துவிட்டதில் அவர்களுக்கு நிம்மதி. எதிரில் அமரும் அஸ்த்ரி உடனே காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். நார்வேயின் மேற்குக் கரை கிழிந்த துணியின் ஓரம் மாதிரி இருக்கும். கடல் உள்ளே புகுந்த இடங்களில் சாலை அறுந்துபோய், காரோடு படகில் ஏறி அக்கரையில் மறுபடி சாலையைப் பிடிக்க வேண்டும். போகும்போது கடலோரம், வரும்போது உள்நாட்டு நெடுஞ்சாலை, எல்லோரும் அப்படித்தான் போவார்கள் என்றாள்.

அண்ணன் பெயர் சேகர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம். அவர் ஓய்வுபெற்றதும் வீட்டைக் காலிசெய்து கள்ளிக்குப்பம் வந்தோம். அண்ணனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கவில்லை. டூரிஸ்ட் வேன் ஓட்டினார். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் அவருடைய ஸ்டாண்டு. நான் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேரும்வரை, வேனில் இடம் இருக்கும் பயணங்களுக்கெல்லாம் கூடப் போவேன். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும். அதனால் முன்னால் இடப்பக்க இருக்கைதான் எனக்கு. சும்மா உட்கார விடமாட்டார். வண்டியைத் திருப்பும் ஒவ்வொரு இடத்திலும் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் "லெஃப்ட்?" என்பார். நான் எட்டிப் பார்த்து "கிளியர்" என்பேன். கிளீனர் பின்படியில் இருந்தாலும் என்னிடம்தான் கேட்பார்.

அந்தப் பழக்கம் இங்கே என்னைத் தோற்கடித்தது. நார்வேயில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். அறிவிப்புப் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ஓட்டுநர் தேர்வு முடிந்ததும் தேர்வாளர், "இடப்பக்கம் மிக நன்றாகப் பார்க்கிறீர்கள்" என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, தேர்ச்சி பெறவில்லை என்று எழுதிய தாளைக் கொடுத்தார்.

இருபது வருடங்களுக்கு மேல் அண்ணன் ஆட்களைக் கடலுக்கு அழைத்துப்போனார். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி. கடல் எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டபோது சிரித்தார். "எந்தக் கடல பாப்பா? நான் பாத்ததெல்லாம் பார்க்கிங். ஜனம் எறங்கினதும் சீட்ட சாய்ச்சிகினு தூங்கிடுவேன். ராத்திரி முச்சூடும் ஓட்டணும்ல." நார்வே வரச் சொல்லி ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டிருக்கிறேன், சீசன் என்று தட்டிக்கழிப்பார். போன டிசம்பரில் அவராகவே, "இந்த வர்சம் வரேன். கடல காட்டு. முன்சீட்ல குந்திகினு பாக்கணும்" என்றார். வேனை இன்னொரு டிரைவருக்கு விற்றுவிட்டதாகவும் சொன்னார். முதுகுவலி என்றார், நம்பினேன். மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை இருப்பதால் அண்ணி வரவில்லை.

திட்டமிடுவதில் நான் கெட்டிக்காரி. நாளிதழில் கற்றது: ஊர்ப் பெயர், தூரம், நேரம் எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டேன். பிப்ரவரியில் படகுகளின் கால அட்டவணையை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். இரவு தங்க, ஹுட்டெ எனப்படும் மரவீடுகளைப் பதிவுசெய்தேன். ஒவ்வொரு நாளுக்கும் வரைபடம் அனுப்பினேன். அனுப்பிய மறுநொடியே அண்ணனிடமிருந்து கட்டைவிரல் குறி வரும். பிறகு குரல் செய்தி வரும்: "மேப்பெல்லாம் வேணாம் பாப்பா, வாயால சொல்லு. ரோடு சிங்கிளா டபுளா? டீ எங்க கெடைக்கும்? ஏத்தம் எவ்ளோ தூரம்?" நான் வாசித்துச் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார், ஒரு ஊர் பிசகாது. வீடியோவில் பேசும்போது முகத்தை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பியே வைத்திருந்தார். கவனித்தேன். போனைப் பிடிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டினேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் முடிந்தது என்று நான் சொன்ன பிறகு அவர் கேட்டார்.

"கடல் எந்தப் பக்கம் வரும்?"

"இடது பக்கம்ணே. வடக்கப் பாத்துப் போறோம், கடல் மேற்குல."

"அங்க நீதான லெஃப்ட்ல குந்திகினு ஓட்டுவ? அப்ப கடல் உன் பக்கம் வருது. திருப்பிப் போடு. உள்ரோட்ல மேல பூட்டு, கடலோரமா எறங்கி வரலாம்."

"எல்லா படகும் வரிசையா புக் பண்ணியாச்சு. இப்ப வந்து சொல்ற?"

"சாயங்காலத்துல மேல ஏறினா சூரியன் மூஞ்சில அடிக்கும். டிரைவருக்கு ஆவாது."

அது உண்மைதான். இங்கே கோடையில் சூரியன் வடமேற்கில் வெகுநேரம் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே வந்தே இராதவர் அதைச் சரியாகச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஐந்து மணிக்குமேல் ஓட்டப்போவதில்லை என்றேன்.

"கஸ்டமர் கேட்டா மாத்தித் தர மாட்டியா? நான் எத்தினி பேருக்கு மாத்திக் குட்த்துகீறேன்."

"நெசமான காரணத்தச் சொல்லு."

அவருக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது: "இன்னும் எத்தினி நாளைக்குயா மறைப்ப? சொல்லித் தொல."

"லெஃப்ட் கண்ணு பூட்ச்சி பாப்பா" என்றார். "உள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துட்ச்சாம். லெஃப்ட்ல கடல் வந்தா எனக்குக் கடலும் தெரியாது, நீயும் தெரிய மாட்ட. நீ தெரியலன்னா பரவால்ல, உன் மூஞ்சிய எத்தினி வாட்டி பாத்துகீறேன்."

வலது கண்ணிலும் அழுத்தம் பிடித்திருக்கிறது. சொட்டு மருந்து போடுகிறார். அது காப்பாற்றுமா, எவ்வளவு நாள் காப்பாற்றும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் இருந்தாய் என்றேன். "சொன்னா டிக்கெட்ட போட்டுகினு ஓடியாருவ. இல்லாட்டி என்னிய அங்க இட்டுகினு போயி எதுனா ஆஸ்பத்திரில குந்த வெப்ப. நான் கடல பாக்கணும்."

அவரிடம் இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. நாளிதழ் மேசையில் எனக்கு வந்த செய்திகளில் பாதி விபத்துகள். வேன் கவிழ்ந்தது, லாரி மோதியது. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று போலீசார் தெரிவித்தனர். இடம் போதாவிட்டால் மற்ற வரிகளை வெட்டுவோம், இந்த வரியை வெட்டமாட்டோம். அந்த ஓட்டுநர் யார், அவருக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியாமல் போனது என்று ஒரு நாளும் நிருபரிடம் கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

"கண்ணு தெரியலன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் வண்டி ஓட்டினியா?"

"ஒரு ட்ரிப்பு."

திருவண்ணாமலை போய்த் திரும்பியிருக்கிறார். வேன் நிறைய ஆட்கள். சென்னீர்குப்பத்தில் இடப்பக்கம் ஒடித்தபோது முன்னிருக்கையில் இருந்த பெண் வீரிட்டிருக்கிறார். பிரேக்கை அழுத்தி நிறுத்திய பிறகுதான் அண்ணன் பார்த்திருக்கிறார்: பக்கவாட்டில் ஒரு டிவிஎஸ் வண்டி, அதை ஓட்டிவந்த ஒருவரும் முன்னால் நின்றபடி அவருடைய சின்னப் பெண்ணும். இடிக்கவில்லை. அந்த ஆள் திட்டிவிட்டுப் போயிருக்கிறார். "ஓரங்கட்டினேன். ஸ்டாண்டுலேந்து வேற டிரைவரக் கூப்ட்டு சாவியக் குட்த்தேன். அதோட தொடல." பிறகு, "அந்தம்மா கத்தலன்னா?" என்றார். அவரைத் திட்ட நினைத்திருந்தேன், திட்டவில்லை.

அன்றிலிருந்து மூன்று வாரங்கள் திட்டத்தைத் தலைகீழாகப் போட்டேன். ஒரு படகின் நேரத்தை மாற்றினால் அன்றைய மரவீடு கைநழுவியது. மரவீட்டைப் பிடித்தால் அடுத்த படகு கிடைக்கவில்லை. ஒரு ஹுட்டெயின் உரிமையாளர், தேதியை மாற்றுவதற்குப் பதிலாக வானிலை அறிக்கையை அனுப்பிவைத்து, மழைக்குப் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தார். தீவுகளுக்குள் சாலை வளைந்து நெளிந்து போகிறது. எந்தத் திசையில் போனாலும் கடல் பக்கம் மாறிக்கொண்டேயிருக்கும். வரைபடத்தை மேசையில் விரித்து ஒவ்வொரு துண்டுச் சாலையின் அருகிலும் பென்சிலால் வ, இ என்று எழுதினேன். வலம் குறைவாக இருந்த இடத்தில் ஒரே சாலையில் போய்த் திரும்பி வரும்படி அமைத்தேன்.

அஸ்த்ரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தவறான திசையில் போகிறாய் என்றாள். அண்ணனுக்கு வலது கண் மட்டும்தான் தெரியும் என்றேன்.

"அதனாலென்ன? எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இறங்கி நடந்து, பாறைமேல் உட்கார்ந்து, எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாமே."

"அவர் இறங்கமாட்டார்" என்றேன்.

"காலும் முடியாதா?"

கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இவர்களுக்குப் பார்ப்பது என்றால் நடப்பது. மழையங்கி போட்டுக்கொண்டு மலையேறி, ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, பேசாமல் உட்கார்ந்திருப்பது. அண்ணன் இருபது வருடம் உலகத்தை முன்கண்ணாடி வழியாகப் பார்த்தவர். நகரும் வண்டியில் உட்கார்ந்து, ஓட்டும் பொறுப்பு இல்லாமல், தூங்கவும் தேவையில்லாமல் கடலைப் பார்ப்பதுதான் அவர் கேட்டது. நார்வே மொழியில் இதைச் சொல்லிப் பார்த்தேன். "உன் அண்ணனுக்குக் கார் என்றால் ரொம்பப் பிடிக்கும்போல" என்றாள் அஸ்த்ரி. ஆமாம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் வந்து நான்கு நாட்களாகின்றன. நாளை மறுநாள் கிளம்புகிறோம். விமான நிலையத்தில் என் கைப்பையை வாங்கிக்கொண்டு நேராகக் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கைப் பார்த்ததும் கதவை மெல்ல மூடினார். "இது உன் எடமா?" என்றார். நானும் குளிர்காலக் காலைகளில், தூக்கம் கலையாதபோது, வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து எதிரில் ஸ்டியரிங் இல்லாமல் விழித்திருக்கிறேன் என்று சொன்னேன். எத்தனை வருடமாக என்றார். ஒன்பது என்றேன்.

நேற்று மதியம் பயணத்துக்குச் சாமான் வாங்க அவரோடு காரில் போனேன். கிளம்புமுன் நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார். இடப்பக்கப் பின்டயரைப் பார்க்கத் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று பார்த்தார், நான் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். அண்ணன் வலப்பக்கம் ஏறி பெல்ட்டை மாட்டினார். வேனில் நாங்கள் உட்கார்ந்திருந்த அதே இடங்கள்: அவர் வலம், நான் இடம். ஸ்டியரிங் மட்டும் என் பக்கம் வந்திருந்தது. எங்கள் தெரு முடியும் சந்திப்பில் பலகை கிடையாது. வேகத்தைக் குறைத்தேன். அண்ணன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"லெஃப்ட்?"

எட்டிப் பார்த்தேன். "கிளியர்" என்றேன். சொல்லிவிட்டுக் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கப்போனேன்.

"இரு, இரு. ரைட்ல சைக்கிள் வர்து. கூடையில நாய் வெச்சிகினு ஒரு பொம்பள."

நான் பார்த்திருக்கவில்லை. நிறுத்தினேன். அந்தப் பெண் எங்களைக் கடக்கும்போது கையை உயர்த்தினாள், அண்ணனும் உயர்த்தினார். நாய் எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

"இப்ப போலாம்" என்றார். நான் வண்டியை எடுத்தேன். அவருடைய வலது கால் தரைவிரிப்பில், அங்கே இல்லாத பிரேக்கை இன்னும் மிதித்தபடி இருந்தது.