பிஸ்டன் இல்லாத காரும் என் வீட்டுக்காரர் காலும்

அந்தக் காரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. இரண்டு பேர்தான் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு அரிசிப் பை வைக்க இடமில்லை. அது பெட்ரோல் குடிக்கிற குடிக்கு யானையைக் கட்டித் தீனி போடலாம். கோயம்புத்தூரில் ரேஸ் பைத்தியம் பிடித்த ஒருவரிடமிருந்து என் வீட்டுக்காரர் வாங்கி வந்த ஜப்பான் கார். "இதுல பிஸ்டனே கிடையாது தெரியுமா? முக்கோணமா ஒண்ணு உள்ளுக்குள்ள சுத்தும், அம்புட்டுத்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். ராஜபாளையத்தில் யாருக்கும் அது விளங்கியதாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

மூன்று வருடத்துக்கு முன் பைக்கில் போனவரை ஒரு மினி லாரி தட்டிவிட்டது. இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் தொடை சூம்பிப்போனது. பக்கத்து ஊரான செட்டியார்பட்டியில் எங்களுக்கு பேண்டேஜ் துணி நெய்கிற சின்ன தறிக்கூடம் உண்டு. அதை நான் பார்த்துக்கொண்டேன், அவர் வீட்டோடு இருந்தார். கார் தறிக்கூடத்து குடோனில், எங்கள் துணியையே போர்த்திக்கொண்டு நின்றது. "அண்ணாச்சிக்கும் கட்டு, வண்டிக்கும் கட்டு" என்று தறியில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன ஆடியில் ஒரு நாள் காலையில், "வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்" என்றார். கட்டிலும் டிவியுமாகக் கிடந்த மனுஷன் தானாக ஒன்று வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வண்டி ஓடினால் இவரும் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். ஓடாவிட்டால் இனி எழவே மாட்டாரோ என்று பயமாகவும் இருந்தது. பிடிக்காத காருக்காக ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஜீப்பிலிருந்து காலேஜ் பஸ் வரைக்கும் பிரித்து மாட்டுகிறவர். ஆடிப்பூரத் தேர்க் கூட்டம் கலைந்த பிறகு வந்தார். பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னக்கா, எஞ்சினைக் கழத்தி வித்துட்டியளா? பாதி இடம் காலியா இருக்கு" என்றார். எஞ்சினே அவ்வளவுதான் என்று என் வீட்டுக்காரர் பெருமையாக விளக்கினார்.

பழைய பெட்ரோலை இறக்கிப் புதுசு ஊற்றினார்கள். புது பேட்டரி மாட்டினார்கள். "நீங்க உள்ள உக்காந்து சாவியத் திருகுங்க அண்ணாச்சி, நான் இங்க பாத்துக்கிடுதேன்" என்று மெக்கானிக் முன்னால் நின்றுகொண்டார். டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது. ஆனால் எஞ்சின் சுற்றவில்லை. டிக் என்று ஒரு சத்தம்கூட இல்லை.

எஞ்சின் உள்ளே இறுகிப்போயிருக்குமோ என்று முதலில் சந்தேகம். பிளக்கைக் கழற்றி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முன்பக்கத்து நட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். புஸ், புஸ் என்று மூச்சு விட்டபடி சுற்றியது. என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு மெக்கானிக் பியூஸ் பார்த்தார், எர்த் வயரைச் சுரண்டி மாட்டினார். கடைசியில் ஸ்டார்ட்டருக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தார். கர்ரென்று சுற்றியது. ஸ்டார்ட்டரும் நன்றாகத்தான் இருக்கிறது. சாவியைத் திருகினால் மட்டும் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது.

காரை விற்ற கோயம்புத்தூர்க்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி. "க்ளட்சை முழுசா மிதிச்சுட்டுத் திருகுறீங்களா? அடி வரைக்கும் போனாத்தான் அங்க இருக்கற சுவிட்சு அமுங்கும். இல்லைன்னா ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாதுங்க."

"மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர், கோபமாக.

நான் திறந்திருந்த கார்க் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். குனிந்து பார்த்தேன். பெடல் அடியைத் தொட இன்னும் இரண்டு விரல் அகலம் இருந்தது. வேட்டிக்குள் தொடை வெடவெடவென்று நடுங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலுக்கு அதுதான் முழுசு. மெக்கானிக்கும் எட்டிப் பார்த்துவிட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சுவிட்சு கெட்டுப்போச்சு போல அண்ணாச்சி" என்றார் அவர், நல்ல மனதோடு. "ரெண்டு வயரையும் ஒண்ணா முறுக்கி விட்டுருதேன். சாவியத் திருகினா பிடிச்சுக்கிடும்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வண்டி ஓடியிருக்கும், அவரும் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் பாதி க்ளட்சோடு இவர் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று பயந்தேன். அதோடு கோபமும் வந்தது. பிசியோதெரபி டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சிச் சீட்டு பீரோ கதவில் ஒட்டினபடியே இருந்தது. அவர் கொடுத்த ரப்பர் பட்டையை இவர் தொடவே இல்லை என்று, நானே மாடியில் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"சுவிட்சு நல்லாத்தான் இருக்கு. உங்க கால்தான் இறங்கல" என்றேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நானாக இருக்க மாட்டேனே. "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

 என் வீட்டுக்காரர் காரிலிருந்து மெல்ல இறங்கி, ரோட்டுக்கு நடந்து, டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். பழமொழியை எந்த வாயால் சொன்னேனோ அந்த வாயில் சூடு வைக்கலாம் போல இருந்தது. இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் தறிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வாரேன்" என்றார்.

மெக்கானிக் மறுபடியும் வந்து, க்ளட்ச் சுவிட்சிலிருந்து வயர் இழுத்து ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை மாட்டினார். பெடல் அடிவரை போனால் பல்பு எரியும், இல்லாவிட்டால் எரியாது. அன்றிலிருந்து தினமும் காலையில் காரில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினார். முதலில் பத்துத் தடவை, பிறகு இருபது. துணிக் கொடியாக இருந்த ரப்பர் பட்டை மாடியிலிருந்து காணாமல் போனது. அது கட்டிலின் காலில் கட்டியிருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். தறிப் பெண்கள் டீ குடிக்கப் போகிற வழியில் குடோனுக்குள் தலையை நீட்டி, "பல்பு எரிஞ்சுதா அண்ணாச்சி?" என்பார்கள். "இன்னும் இல்லத்தா" என்பார். ஆவணிக் கடைசியில் ஒரு நாள் பல்பு ஒரு தடவை மினுக்கி அணைந்தது. அன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தோம்.

ஐப்பசியில், மழை பெய்து வெறித்த ஒரு காலை. பல்பு அணையாமல் எரிந்தது. சாவியைத் திருகினார். எஞ்சின் சுற்றியது. இரண்டு தடவை சுற்றி நின்று, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. குடோன் முழுக்க வெள்ளைப் புகை. பெண்கள் இருமிக்கொண்டே கை தட்டினார்கள். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டோம். போகிற வழியெல்லாம் நன்றாகத்தான் ஓட்டினார். ஊருக்குள் ஒரு பஸ் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. க்ளட்சை மிதித்தபடி காத்திருந்தவருடைய கால் நழுவி, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். எதிர்ச்சாரிப் பட்டறையிலிருந்து மெக்கானிக் ஓடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மறுபடியும் வண்டி மக்கர் பண்ணுதா?"

என் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கினார். தெரு முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. என் கால்தான் அசந்துட்டு. செத்த நேரம் இருந்துட்டு எடுக்கேன்."