கப்பல் பாரம் இரண்டு

1. பத்து மணிக்குப் பசை கொதித்தது

காலை பத்து மணிக்குக் கம் பைண்டிங் மெஷினில் பசை உருகித் தயாராக இருந்தது. பன்னிரண்டுக்குச் சீவலப்பேரிப் பள்ளிக்கூடத்து வேன் வரும். முந்நூறு புத்தகத்துக்கான பாரங்கள் மேஜையில் நாலு அடுக்காக இருந்தன. எது முதல் பாரம், எது கடைசிப் பாரம் என்று அச்சாபீசில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பாரம் என்றால், அச்சடித்த பெரிய தாளை மடித்தது. அந்தப் புத்தகத்துக்கு நாலு பாரம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருந்த அந்த அச்சாபீசில் முப்பத்தொரு வருஷம் பைண்டிங் பார்த்தேன். இப்போது வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் கேட்டார்கள் என்று இதை எழுதுகிறேன். இரண்டாம் கிளாஸோடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் நான் அடுக்கிய புத்தகத்தில் பக்கம் மாறிவிட்டது என்று அந்த நாள்வரை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. அதைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன்.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. பாரத்துக்குப் பட்டப்பெயர் வைப்போம். முதல் பக்கத்தில் என்ன படமோ அதுதான் பெயர். தவளைப் பாரம், இலைப் பாரம், நுரையீரல் பாரம். பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே மேஜையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்போம்.

புரூஃப் பார்க்கும் சாருக்கு இது ஆகாது. எம்.ஏ. படித்தவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் வாழ்த்துவதற்கு முன்னால் சிவப்புப் பேனாவை எடுப்பார்.

"பேச்சியம்மா, அடியில பக்க நம்பர் இருக்குல்லா? அதைப் பாத்து அடுக்குனா கொறஞ்சா போவீய?"

"நம்பரு எல்லாத் தாள்லயும் ஒண்ணு போலத்தான் இருக்கு சார். தவளைக்கும் நுரையீரலுக்கும் வித்தியாசம் தெரியுதுல்லா?"

2. சாரும் நானும் ஒரே கிளாஸ்

அன்றைக்கு வந்தது சித்திரக்கதை. எழுதி வரைந்தது கோமதி டீச்சர், சீவலப்பேரியில் டிராயிங் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு அதுதான் முதல் புத்தகம். மூன்று மணிக்கு ஆண்டு விழா, அங்கே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

வேற்றுக் கிரகத்திலிருந்து இரண்டு கூட்டம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வந்து இறங்குகிறது. ஒரு கூட்டத்துக்கு மூன்று கண், இன்னொன்றுக்கு வால். அவர்கள் இரண்டு ஊரிலும் தண்ணீர் வற்றிவிட்டது. ஆற்றை யார் கொண்டுபோவது என்று சண்டை. கையில் மூன்று முனை ஈட்டி. வாய்க்கால் தண்ணீருக்கு எங்கள் ஊர்க்காரர்கள் போடாத சண்டையா என்று பார்த்தவுடனே நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் பேசுவதெல்லாம் அவர்கள் பாஷையில்தான். எழுத்தும் அவர்கள் எழுத்து, டீச்சரின் கிளாஸ் பிள்ளைகள் கிறுக்கிக் கொடுத்தது. தமிழில் ஒரு சொல்கூடக் கிடையாது. படத்தைக் கெடுக்கும் என்று பக்க நம்பரும் போட வேண்டாம் என்றுவிட்டார் டீச்சர். வரிசை பார்க்க வைத்திருந்த டம்மிப் புத்தகத்தையும் பிள்ளைகளிடம் காட்ட எடுத்துப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் பக்கம் போட்டவர் கல்யாண வீட்டுக்கு லீவு. டீச்சர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார், போனை எடுக்கவில்லை.

சார் ஒரு பாரத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என்ன சார், வாசிக்க முடியலையா?" என்றேன்.

"இதுல எழுத்தே இல்லியேம்மா."

"எனக்கு எல்லாப் புத்தகமும் இப்படித்தான் இருக்கும். இன்னிக்கி நீங்களும் நானும் ஒரே கிளாஸு. பெஞ்சில தள்ளி உக்காருங்க."

மேஜையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

3. வாழை

நடு இரண்டு பாரத்தில் சந்தேகமில்லை. ஒன்றில் சண்டை தொடங்குகிறது, அடுத்ததில் ஈட்டியைக் கீழே போடுகிறார்கள். மற்ற இரண்டும்தான் குழப்பம். இரண்டும் கப்பல் பாரம். பறக்கும் கப்பல், ஆறு, கரையில் வாழைத்தோப்பு. உள்ளேயும் அதேதான், ஆள் நடமாட்டமே இல்லை. ஒன்று கப்பல் வருவது, ஒன்று போவது. எது எது?

முதலாளி அண்ணாச்சி வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன வே, நீரு என்ன சொல்லுதீரு?" என்று சாரைக் கேட்டார்.

"ரெண்டுலயும் கப்பலுக்கு நெருப்பு கீழதான் இருக்கு அண்ணாச்சி, வருதா போவுதான்னு தெரியல. டீச்சர் வந்துரட்டும். அரை மணி நேரம் பொறுப்போம்."

"பொறுத்தா வேலை முடியுமுன்ன வேன் வந்துருமே. பேச்சியம்மா, நீ சொல்லு."

நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் வாழை தாரோடு நிமிர்ந்து நிற்கிறது, முட்டுக்கம்பு கொடுத்திருக்கிறது. மற்றதில் தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தோப்பில் வேலை பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கா தெரியாது?

"நிக்கது மொதல்ல, சாஞ்சது கடைசியில. சண்டை போட்டுத் தோப்பை அழிச்சிட்டுப் போறானுவ. சாஞ்ச வாழை எந்திரிச்சி நின்ன கதை எங்கயாவது உண்டுமா?"

"இது கதைதானம்மா," என்றார் சார் பைய.

நான் காதில் வாங்கவில்லை. "நிக்க கப்பல், சண்டை, சமாதானம், சாஞ்ச கப்பல்" என்று சொல்லிக்கொண்டு மேஜையைச் சுற்றினோம். நாற்பது புத்தகம் பசையேறி, ராப்பர் அட்டை ஒட்டி, ஓரம் வெட்டி வந்துவிட்டது.

4. கோமதி டீச்சர் வந்தார்

டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தார். ஒரு புத்தகத்தை எடுத்து ஆசையாகத் திறந்தார். முதல் பக்கத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்ன டீச்சர்?"

"மாறிப் போச்சேக்கா. கப்பல் எறங்குத காத்துல வாழை சாயுது. அதுதான் மொதல்ல. சண்டை முடிஞ்சி சமாதானம் ஆன பெறகு, ரெண்டு கூட்டமும் சேந்து அதைத் தூக்கி நிறுத்திட்டுப் போவாவ. அந்தக் கம்பைப் பாருங்க."

பார்த்தேன். வாழைக்கு முட்டுக் கொடுத்திருந்தது சவுக்குக் கம்பு இல்லை. மூன்று முனை ஈட்டி. காம்பை மண்ணில் ஊன்றிவிட்டு, முனையில் தாரைத் தாங்கக் கொடுத்திருந்தார்கள். ஒரு மரத்துக்கு ஓர் ஈட்டி, தோப்பு முழுக்க.

தாங்கு கொடுத்த வாழையை ஆயிரம் தடவை பார்த்தவள் நான். அதனால் கம்பு என்று கண் சொன்னதும் அதோடு விட்டுவிட்டேன். வாழையே தெரியாத ஒருத்தி என்றால் இது என்ன என்று குனிந்து பார்த்திருப்பாள்.

"இப்படியே குடுத்தா, சண்டை போட்டு ஊரை அழிச்சிட்டுப் போய்ட்டாவங்கதுதான் கதையாவும்," என்றார் டீச்சர். "எம் புள்ளையளுக்கு நான் எழுதுன கதை அது இல்லக்கா."

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "எம் மேலதான் தப்பு. வேனை நிக்கச் சொல்லுங்க. ஒருத்தரும் சாப்பிடப் போவக்கூடாது, நானும்தான்."

பசையேறாத கட்டுகளைப் பிரித்து மறுபடி அடுக்கினோம். வேலைக்குக் கை போதவில்லை. சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்தார். "சாஞ்ச கப்பல், சண்டை, சமாதானம், நிக்க கப்பல்" என்று அவரும் சொல்லிக்கொண்டு சுற்றினார். அந்த எம்.ஏ. குரலில் அதைக் கேட்க வேண்டுமே!

ஒட்டிய நாற்பதின் முதுகைக் கட்டிங் மெஷினில் வெட்டி, வரிசை மாற்றி, கூடுதலாக அடித்து வைத்திருந்த ராப்பரைப் போட்டு மறுபடி ஒட்டினோம். வெட்டியதில் அவை விரற்கடை அகலம் குறைந்து குட்டைப் புத்தகமாகிவிட்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்ற வேன் ஒன்றே காலுக்குக் கிளம்பியது. விழாவுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது என்று டீச்சர் மறுநாள் போன் செய்தார். குட்டைப் புத்தகம் சட்டென்று தீர்ந்துவிட்டதாம். அது வால்காரர்கள் ஊரில் அச்சடித்தது என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு கிளம்பி, ஆளாளுக்கு அதைத்தான் கேட்டார்களாம்.

5. கடைசியாக

அதற்குப் பிறகு மடித்தவுடனே ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று போட ஆரம்பித்தேன். பட்டப்பெயரையும் விடவில்லை. சார் மட்டும் பிற்பாடு எந்தப் புத்தகம் வந்தாலும், "பேச்சியம்மா, இதுல வாழை எங்கன இருக்கு?" என்று கேட்காமல் போனதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாததை எப்படியும் யாரிடமாவது கேட்டுவிடுவீர்கள். நன்றாகத் தெரியும் என்று நினைப்பதையும் ஒரு தடவை கேளுங்கள். அரை மணி நேரம் பொறுக்கலாம் என்று ஒருவர் சொன்னால், அவரை அப்புறம் கேலி செய்துகொள்ளலாம், முதலில் பொறுங்கள்.

குட்டைப் புத்தகத்தில் ஒன்றை டீச்சர் எனக்குக் கொடுத்தனுப்பினார். முதல் பக்கத்தில் அந்த வேற்றுக் கிரக எழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார். சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"என்ன சார், ஏதும் பிழை இருக்கா?"

சிவப்புப் பேனாவைப் பையில் போட்டுவிட்டு, "டீச்சருட்டயே கேட்டுருவோம்மா," என்றார்.