மர்ஜானாவின் அப்பா பெயர்

ஒரு மனிதரின் பெயரை நான் தொலைத்தேன். தொலைத்ததை மறைக்க ஒரு பொய்ப் பெயரைச் செய்து, அவருடைய மகளின் வாயிலேயே போட்டேன். இதுதான் என் குற்றம். இதற்குமேல் படிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், வளைகுடா நாட்டில், புஜைரா என்ற கடற்கரை ஊரின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். குமரிக் கடற்கரைக்காரி. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக ஏறிவிட்டதால் அங்கே எல்லாருக்கும் நான் 'சிஸ்டர் செபஸ்தியான்'. மீசை வைத்த பெயர்! என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது.

பெண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் மர்ஜானா படுத்திருந்தாள். எண்பதை நெருங்கியவள், இருதயம் களைத்துப்போயிருந்தது. சிறுமியாக ஆப்பிரிக்கக் கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தவளைத் தூக்கிப் பாய்மரக் கப்பலில் போட்டு, இந்தக் கரையில் விற்றிருக்கிறார்கள். மர்ஜானா என்றால் பவளமாம். வாங்கியவர் வைத்த பெயர். பின்னாளில் விடுதலை கிடைத்தது, போவதற்குத்தான் இடமில்லை. வாங்கிய குடும்பத்தின் பெயரே அவளுடைய அடையாள அட்டையிலும் இருந்தது. வெள்ளிதோறும் அவர்கள் பழங்களோடு வருவார்கள். "எங்கள் வீட்டு மனுஷி" என்பார்கள். அரைமணியில் போய்விடுவார்கள்.

மற்ற நாட்களில் அவளுக்கு நான், எனக்கு அவள்.

அவள் பேசியது அரபி. என் மனத்திலோ அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டது.

"மக்களே, ஒன்ன அப்பனுக்க பேரச் சொல்லி விளிக்காவ. ஒனக்கு அது சிரிப்பா இருக்கு. எனக்குப் பொறாமையா இருக்கு, கேட்டியா?" என்றாள் ஒருநாள்.

மறுமையில் ஒவ்வொருவரையும் தகப்பன் பெயரைச் சேர்த்துத்தான் அழைப்பார்கள் என்பது அவள் நம்பிக்கை. அதற்காகவே எழுபது வருடங்களாக, யாரிடமும் சொல்லாமல், அப்பாவின் பெயரைத் தனக்குள் சொல்லிச் சொல்லிக் காத்துவந்திருக்கிறாள். இப்போது நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது.

"நான் மறந்துட்டா நீ எடுத்துத் தரணும்," என்று சொல்லி, என் காதில் அந்தப் பெயரைச் சொன்னாள். உலகத்தில் அதை அறிந்தவர்கள் இரண்டே பேர்... ஒருத்தி நான்!

கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். காகிதம் தேடச் சோம்பல். காய்ச்சல், பிரஷர் என்று எல்லாவற்றையும் உள்ளங்கையில் குறித்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அந்தப் பெயரையும் அங்கேயே எழுதினேன். அடுத்த கட்டிலில் ஒருத்தி வாந்தியெடுத்தாள். ஓடினேன், துடைத்தேன், சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

டியூட்டி முடிந்து ரூமுக்குப் போய்த்தான் கையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

உதடுகள் ஒட்டித் தொடங்கும் சின்னப் பெயர்... அவ்வளவுதான் மிஞ்சியது. மறுநாளே போய், "அம்மா, மறந்துபோச்சு, இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் என்ன? அன்று அவளுக்கு நினைவிருந்ததே! ஏன் கேட்கவில்லை? சத்தியம் செய்த வாயால் கேட்க வெட்கம். கெட்டிக்கார நர்ஸ் என்ற பேச்சு எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

நாலாம் நாள் அவளே கேட்டாள். "மக்களே, அப்பனுக்க பேரு நாக்குல வரமாட்டேங்கு. சொல்லு பாப்போம்."

"முகாலா," என்றேன். எங்கிருந்து வந்ததோ!

அவள் நெற்றி சுருங்கியது. "அப்பிடியா? வேற மாதிரில்லா இருந்து..."

"இல்லம்மா. நீங்கதானே சொன்னிய."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால்! என்னை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். எழுபது வருட நினைவைவிட என் பேச்சை நம்பினாள். ஏன் நம்பினாள்? நான் படித்தவள் என்றா? அன்றிலிருந்து முகாலா, முகாலா என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே கிடந்தாள். வாங்கியவர்கூட அவள் பெயரைத்தான் மாற்றினார். அப்பனின் பெயரைத் தொடவில்லை. நான் தொட்டேன்.

ஊர் திரும்பி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. எத்தனை பாவசங்கீர்த்தனம் செய்திருப்பேன்! கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இதைச் சாமியாரிடம் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள் மன்னிக்க முடியாது என்பதால்தான் சொல்கிறேனோ என்னவோ...

இன்னும் ஒன்று இருக்கிறது.

ஒரு மத்தியான வேளையில் அவள் மூச்சு அடங்கத் தொடங்கியது. குடும்பத்தாருக்குச் சொல்லி அனுப்பியும் யாரும் வந்து சேரவில்லை. கட்டிலருகே நான் மட்டும்தான். திடீரென்று தலையைத் தூக்கி, ஜன்னல் பக்கம் பார்த்து, "முகாலா! முகாலா!" என்று கூப்பிட்டாள். கடற்கரையில் தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுகிற சத்தம், சிறுமியின் சத்தம்! நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த அப்பன் எங்கேனும் மகளுக்காகக் காத்து நின்றிருந்தால்... அந்தப் பெயருக்கு அவர் எப்படித் திரும்பிப் பார்த்திருப்பார்?