சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு விசில்

எங்கள் மாமா தாம்பரத்தில் நின்று கத்தினால் கோவிலம்பாக்கத்தில் ஆட்டோ நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே முறுக்கேறிய குரல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் மைதானத்தில் பையன்களின் ஃபுட்பாலுக்கு அவர்தான் ரெஃப்ரீ. கழுத்தில் விசில் தொங்கும். ஊத வேண்டிய அவசியம் வராது.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்தக் குரல் கரகரக்க ஆரம்பித்தது. தொண்டைக்கட்டு என்று எனக்குச் சொன்னார்கள். மற்றதைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்பது மட்டும் எனக்குத் தெரியும். டான்சில் எடுத்த பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாரம் ஐஸ்கிரீமாகச் சாப்பிட்டான். அதனால் மாமாவைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமை மாமா என்னை ஃபுட்பால் மேட்சுக்குக் கூட்டிப்போனார். அத்தை டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் படித்து எங்கள் பையைக் காலி செய்தார். குடை கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது, பிஸ்கட் கூடாது, சில்லறைக் காசுகூடக் கூடாது.

"கத்தக் கூடாதுன்னு போட்டிருக்கானா பாரு" என்றார் மாமா.

"அது டாக்டர் போட்டது" என்றார் அத்தை. சிரிக்கவில்லை.

ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் மாமா சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். என் கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு கிடக்கும். அதை அவிழ்த்து, சிலுவைக்குப் பக்கத்தில் விசிலையும் கோத்து, என் சட்டைக்குள்ளே தள்ளிவிட்டார். "விசிலும் கூடாதுதான். ஆனா பொம்பளப் பிள்ள கழுத்துல எவன் கை வெப்பான்?" பிறகு என் காதுக்குள் திட்டத்தைச் சொன்னார். "சின்னச் சின்னதுக்கெல்லாம் விசில் போதும். கோல் விழுந்தா மட்டும் தொண்டையத் திறப்பேன். ஒரே ஒரு தடவ. அத்தைகிட்ட சொல்லிடாத."

காலமெல்லாம் ஆம்பளைகளோடு மேட்ச் பார்த்த மனுஷன். பெண்களுக்குத் தனி வரிசை உண்டு, அங்கே கை வைத்துச் சோதிக்கப் பெண்களே நிற்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். காக்கிப் புடவை கட்டிய செக்யூரிட்டி அக்கா கயிற்றைச் சுண்டி வெளியே எடுத்தார்.

"இன்னா பாப்பா, ரெண்டு தொங்குது?"

நான் சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி இருக்கட்டும், சாமி உள்ள போலாம். விசிலு போவ முடியாது. நீ ஊதுனா ரெஃப்ரீ ஊதுனார்னு ஆட்டமே நின்னுடும்மா."

மாமா தடுப்பின் மேல் சாய்ந்து கெஞ்சினார். "மேடம், கொழந்த மேடம்... நான்தான் மேடம் குடுத்தேன்..." காற்றுதான் வந்தது. அந்த அக்கா காதில் கையை வைத்துக் குனிந்தார். "இன்னா சார், தொண்ட கட்டிக்கிச்சா? உள்ள போய்க் கத்தாதீங்க சார், இன்னும் பேஜாராயிடும்." உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். விசில் பிளாஸ்டிக் டிரம்முக்குள் போனது. லைட்டர்கள், சென்ட் பாட்டில்கள், யாரோ பாதி கடித்த வெள்ளரிக்காய், இவற்றுக்கு நடுவில் அது எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

உள்ளே எல்லாரும் கத்தினார்கள். மாமா கத்தவில்லை. ஃபவுலுக்கும் கார்னருக்கும் உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்து கோல் பக்கம் போகும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பார். பந்து வெளியே போகும். மூச்சை விட்டுவிட்டு உட்காருவார். விசில் போன கோபம் என்று நினைத்து, "வேற வாங்கிக்கலாம் மாமா" என்றேன். தலையாட்டினார்.

கோல் விழவேயில்லை. "வேஸ்ட் மேட்ச் சார்" என்று பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனார். கூட்டம் கலைந்த பிறகும் மாமா வெறும் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மாமா குரலைக் கடைசியாகக் கேட்டது யார் என்று வீட்டில் இப்போதும் பேச்சு வரும். ஆஸ்பத்திரி வாசலில் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக அத்தை சொல்வார். கடைசியாகப் போனில் அவரிடம் திட்டு வாங்கியது தான்தான் என்று அம்மா சொல்வாள். நான் வாயைத் திறப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை மேட்ச் முடிந்து தாம்பரத்தில் நாங்கள் இறங்கிய நேரம், பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று நிற்காமல் போனது. பிளாட்பாரமே அதிர்ந்தது. மாமா என் கையைப் பிடித்தபடி வண்டியைப் பார்த்துத் திரும்பி நின்று, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கடைசிப் பெட்டி கடப்பதற்குள் வாயை மூடிக்கொண்டார்.

"அத்தைக்குக் கேட்டிருக்குமா?" என்று மூச்சிலே கேட்டார்.

"பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல மாமா!" என்றேன், நல்ல சேதி சொல்லுகிற உற்சாகத்தோடு.