ஸ்தபதிக்கு பெர்மிட் வந்துவிட்டது

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கோயில் ஸ்தபதிக்கு வேலை பெர்மிட் வந்துவிட்டது.

சந்தோஷமான செய்திதானே? கோயிலில் ஒருவரும் தேங்காய் உடைக்கவில்லை. ஸ்தபதி மொட்டைத் தலையோடு, சாரத்துக்குத் தள்ளி உட்கார்ந்து, பாதிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா செத்த தீட்டு. சாமி உருவத்தில் கை வைக்கக் கூடாது. வேலை செய்யலாம் என்று அரசாங்கம் சொன்ன அன்றைக்கு, வேலை செய்யக் கூடாத மனிதர் அவர்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு ஸ்கூலுக்குக் கும்பிடு போட்டவன். தம்புள்ளை மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, இன்றைக்கு அதே மார்க்கெட்டுக்கு என் பெயர் போட்ட லொறிகளை அனுப்புகிறவன். மாத்தளையில், அலுவிகாரைப் பக்கம் எங்கள் அம்மன் கோயிலுக்குக் கோபுரம் எழுப்பலாம் என்று முதலில் சொன்னது யார்? நான்தான். கும்பகோணத்துப் பக்கமிருந்து செல்வம் ஸ்தபதியைக் கூட்டி வந்ததும் நான்தான். பெர்மிட் முடியப் போகிறது, புதுப்பிக்கணும் என்று அவர் வந்து நின்றபோது, "அதெல்லாம் நம்ம கையில விடுங்க ஸ்தபதி. கொழும்புல எனக்குத் தெரியாத கதவே இல்ல" என்றேன்.

பொய்யில்லை. பெர்மிட் கொடுக்கிற கொழும்பு ஆபீஸும் இப்போது முன்னைப் போல இல்லை. விண்ணப்பம் ஒன்லைனில். டோக்கன் மெஷின், ஏசி, குஷன் வைத்த கதிரை... வெயிலில் கியூ நின்று பழகியவன் நான், பாராட்டத்தான் வேண்டும். எல்லாம் வேகமாகத்தான் போகிறது — பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே வைக்கிற வரைக்கும்.

அது உள்ளே இருக்கும்போதுதான் ஊரிலிருந்து போன். ஸ்தபதியின் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறதாம். இவர் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர்.

உடனே வேனை எடுத்தோம். மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் போகிற நேரத்தைவிட, கொழும்பிலிருந்து திருச்சிக்குப் பறக்கிற நேரம் குறைவு. பாஸ்போர்ட் கைக்கு வந்தால் பொழுது சாய்வதற்குள் அப்பா பக்கத்தில்.

கவுண்டரில் ஒரு தமிழ் மிஸ். சின்ன வயது, மரியாதையான பிள்ளை.

"பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரலாம் ஐயா. ஆனா விண்ணப்பம் கேன்சல் ஆயிரும். மறுபடி முதல்ல இருந்து போடணும்."

"ஆகட்டும் மிஸ், கேன்சல் பண்ணுங்க. கோபுரம் எங்க ஓடிப்போகப் போகுது?"

"கேன்சல் பண்றதுக்கும் மேல அப்ரூவல் வேணுங்க. பெரிய சேர் மீட்டிங்ல இருக்காரு."

கேட்டீர்களா? வேண்டாம் என்று சொல்வதற்கும் அனுமதி வேண்டுமாம்!

நான் போனை எடுத்தேன். தெரிந்த கதவை எல்லாம் தட்டினேன். ஒருவர், "நாளைக்குப் பார்ப்போம் முதலாளி" என்றார். இன்னொருவர் எடுக்கவே இல்லை. பாஸ்போர்ட்டைப் போட்டுப் பூட்டிய மேசை லாச்சியோ, என் கண் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

சேர் மீட்டிங் முடிந்து வரவில்லை. ஸ்தபதியின் தம்பிதான் போனில் வந்தான். அப்பா போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவனே.

"அண்ணே, பொழுதுக்கு மேல வச்சிருக்க முடியாதுங்குறாங்க. நீ வர்றியா... எடுத்துரவா?"

ஸ்தபதி என்னைப் பார்த்தார். "என்ன சொல்லட்டும் முதலாளி?"

நான் யாரைப் பார்ப்பேன்? கவுண்டருக்குப் போனேன்.

"மிஸ், இவங்க அப்பாவை எடுத்துரச் சொல்லவா?"

அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் பாஸ்போர்ட் இல்லை. ஒரு கப் பிளேன்டீ இருந்தது. "அவருக்குக் குடுங்க ஐயா" என்றாள். அவளால் முடிந்தது அது.

ஸ்தபதி டீயைத் தொடவில்லை. போனை வாயோடு ஒட்டி வைத்து, "எடுத்துருடா" என்றார். அப்புறம், "நீயே கொள்ளி வையி."

கேன்சல் பேச்சு அதோடு முடிந்தது. யாருக்காக இனி? மறுநாள் எங்கள் ஊர் சுது கங்கைக் கரையில் மொட்டை போட்டு, தனியாக முழுகி எழுந்தார்.

சிஸ்டத்தை இன்னும் வேகப்படுத்தப் போகிறார்களாம், டிவியில் சொல்கிறார்கள். நல்லது. எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. லொறி தெரியும். லைசன்ஸ் புதுப்பிக்கக் காகிதம் போனால், வண்டியையுமா பூட்டி வைக்கிறார்கள்? காகிதம் அது பாட்டுக்குப் போய் வரட்டும். பாஸ்போர்ட்டைப் பாருங்கள், கொப்பி எடுங்கள், அதே கையில் திருப்பிக் கொடுங்கள். இதற்கு மெஷின் வேண்டாம், படிப்பும் வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கொடுத்தவனுக்கும் ஊரில் ஒரு அப்பா இருப்பார் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

பெர்மிட் மெசேஜ் என் போனுக்குத்தான் வந்தது. இங்கிலீஷில். மருமகள் வாசித்துச் சொல்ல, கோயிலுக்கு ஓடினேன்.

"கிடைச்சிருச்சு ஸ்தபதி. பாஸ்போர்ட்டையும் குடுத்துர்றாங்களாம். இனி ஊருக்குப் போயிட்டு வரலாம்."

"யாரைப் பாக்க முதலாளி?" என்றார். கோபுரத்தை மறுபடி அண்ணாந்து பார்த்து, "வேற என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

கடைசி வரியில், பொறுமைக்கு நன்றி என்று போட்டிருந்தது.